கரட்டுக்குப் பூட்டு

மலைக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? செங்கரட்டூரில் போட்டார்கள். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளெல்லாம் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு மண் தடத்தில் திரும்பினால் எதிரே தெரிவதுதான் அந்தக் கரடு. பெரிய மலையென்று சொல்ல முடியாது. சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவே பாறையும் சூரை முள்ளும் ஊஞ்ச மரமுமாகக் குந்தியிருக்கிற குன்று. அதைச் சுற்றிக் கம்பி வேலி இழுத்து, ஆட்டுத் தடம் ஏறுகிற இடத்தில் இரும்புக் கதவு நட்டு, பச்சைப் பெயின்ட் அடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டையும் மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை. பாதுகாக்கப்பட்ட பகுதி, அத்துமீறி நுழைந்தால் தண்டனை என்று எழுதி, கீழே கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு தேவாங்கின் படம்.

அந்தக் கதவுக்கு முன்னால் அத்தாயி தன் ஆடுகளோடு நின்றிருந்தாள். சித்திரை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. ஆடுகளுக்குப் பூட்டைப் பற்றி என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து ஏறிய தடம். கம்பிக்கு இடையில் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு, உள்ளே வெள்வேல மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காயைப் பார்த்து அவை கத்திய கத்தில் காது கிழிந்தது.

"தொறந்துவுடு சாமி," என்றாள் அத்தாயி.

கதவுக்கு அந்தப் பக்கம் வேப்ப நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் வனக்காவலன் குருமூர்த்தி. கெங்கவல்லிப் பக்கத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் சட்டையில் ஒரு கசங்கல்கூட விழவில்லை.

"அம்மா, தினம் இதே பஞ்சாயத்தா? ஆர்டர் இல்லாம திறக்க முடியாதுன்னு நேத்தே சொன்னேன்ல."

"மேய்க்கறதுக்குக் கேக்கல கண்ணு. தண்ணிக்குத்தான் கேக்கறேன். சுனையில வாயை வெச்சதும் எறக்கிக்கறேன். ஊர்க் கெணத்துல பாறை தெரியுது. போரைப் போட்டா காத்துத்தான் வருது. வாயில்லாச் சீவன் எங்க போவும்?"

"தண்ணிக்குன்னு விட்டா, போற வழியில வாயை மூடிக்கிட்டா போகும் உங்க ஆடு?"

"மூடாதுதான். ஆடுன்னா நாலு தழை கடிக்கும். கடிச்சா மரம் மொட்டையாயிருமா? எங்க மாமனாரு மேச்சாரு, அவுங்கப்பன் மேச்சாரு. அத்தனை ஆடு மேஞ்சும் பச்சையாத்தான நிக்குது? பச்சையா நிக்கறதாலதான உங்க கண்ணுல பட்டுச்சு?"

குருமூர்த்தி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எனக்கென்னம்மா, உங்க மேல பகையா? நான் திறந்தா என் வேலை போயிடும். மேல மரத்துல கேமரா வேற கட்டியிருக்காங்க."

"கேமராவா! முனியப்பனையே படம் புடிக்கறீங்களா? நல்லா இருங்கடா சாமி."

மேற்கே புழுதி எழுந்தது. அங்கே குப்பாண்டிக் கரடு. கரடு என்று பெயர்தான் மிச்சம். பாதியைக் குவாரிக்காரன் தின்று தீர்த்துவிட்டான். மீதியில் கம்ப்ரசர் வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் தடத்தில் வரிசையாக வந்தபடி இருந்தன.

அத்தாயி அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "அங்க பாரு. அதுக்கு யாரு பர்மிட்டுக் குடுத்தது? அதுல தேவாங்கு இல்லையா? அங்க இருந்த தேவாங்கெல்லாம் பஸ் ஏறி ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருச்சா?"

"அது வேற டிப்பார்ட்மென்ட்டும்மா."

"அதுசெரி. வெட்டறதுக்கு ஒரு டிப்பார்ட்மென்ட்டு, பூட்டறதுக்கு ஒரு டிப்பார்ட்மென்ட்டு. ஆட்டுக்காரிக்குத்தான் நாதியில்ல."

கதவை ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். பூட்டு கணகணவென்று அடித்தது. அதற்குமேல் அதனிடம் பேசிப் பயனில்லை என்று ஆடுகளைத் திருப்பினாள்.

பூட்டு எப்படி விழுந்தது என்பதைச் சொன்னால்தான் அவள் கோபம் விளங்கும். கோபம் அரசாங்கத்தின் மேல் பாதி. மீதிப் பாதி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

கரட்டு உச்சியில் முனியப்பன் இருக்கிறார். சிலைகூடக் கிடையாது, நெட்டுக்குத்தாக ஒரு கல். அவருக்குச் சில சட்டதிட்டம் உண்டு. அரிவாளையும் தொரட்டியையும் அடிவாரத்தில் வைத்துவிட்டுத்தான் யாரும் மேலே ஏற வேண்டும். ஆடு கடிக்கலாம், மனுசன் வெட்டக் கூடாது. அடுப்புக்கு ஒரு சுள்ளிகூட ஒடித்து வரக் கூடாது. இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கரடு யாருடையது என்று யார் கேட்டாலும் 'சாமியுது' என்றுதான் சொல்ல வேண்டும். 'எங்க கரடு' என்று வாய் தவறிச் சொன்ன சின்னப் பிள்ளையைக்கூட வாயில் ஒன்று போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி, கரட்டைப் பார்த்து விழுந்து கும்பிட வைப்பார்கள். பூசாரிக்கு இன்னும் கடுமை. 'என்னுடையது' என்று பூசாரி வாயில் வந்துவிட்டால் அன்றோடு பூசை மணி பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்ப வராது. மணியை வைத்திருந்தது மாதையன். அத்தாயியின் புருசன்.

போன வருசம் சமுதாயக் கூடத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம், சுவரில் படம் காட்டுகிற மிஷின் எல்லாம் வந்தது. இந்தக் கரடு அருமையான கரடு, சுத்துவட்டாரத்தில் இப்படி ஒன்று இல்லை, இதைப் பாதுகாக்கப் போகிறோம் என்றார்கள். ஊர்க்காரர்களுக்குச் சந்தோசம். குவாரிக்காரன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று நினைத்தார்கள். கடைசியில் ஒரு அதிகாரி எழுந்து, "இந்த மலையில் யாருக்காவது உரிமை, பாத்தியதை ஏதாவது உண்டா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்," என்று கேட்டார்.

ஊரே மாதையனைப் பார்த்தது. பூசாரி அல்லவா? மாதையன் எழுந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டினார். கோயில் வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, "அது முனியப்பனுதுங்க. எங்களுக்கு அதுல ஒரு புடி மண்ணுகூடப் பாத்தியம் இல்லீங்க," என்றார். ஊரே தலையாட்டியது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி இறங்கி வந்து மாதையனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கை கொடுத்த கதையை மாதையன் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. கிறுக்கு மனுசன்! சாமி வந்து தாலுக்கா ஆபீசில் கையெழுத்துப் போடுமா? யாருக்கும் பாத்தியம் இல்லையென்றால் அது சர்க்காருக்குப் போய்விடும் என்று அந்த ஊரில் ஒரு ஆளுக்குத் தோன்றவில்லையே! தை முடிந்து வேலிக்கல் வந்து இறங்கியபோதுதான் விளங்கியது. அமாவாசைக்கு அமாவாசை பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்துவிட்டு வரலாம், வேறு ஆள் கூடாது, ஆடு கூடவே கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு மாதையன் வெளியில் தலைகாட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

கதவிலிருந்து திரும்பிய அத்தாயி ஆடுகளை வாய்க்கால் கரையோரமாக ஓட்டினாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கரையில் இருந்த எருக்கஞ் செடியை எந்த ஆடும் தொடாது. வேலியோரக் கிளுவையை ஊர் ஆடுகளெல்லாம் கடித்துக் குச்சியாக்கிவிட்டன. அவளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் பயம். தடத்துக்கு மேற்கே சின்னுசாமியின் சோளக்காடு. அறுப்பு முடிந்து, பங்குனியில் பெய்த ஒரே ஒரு மழைக்குச் சோளக்கட்டை மறுபடி தழைந்து, அப்புறம் மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. பார்க்கப் பச்சை. வாயை வைத்தால் விஷம். வாடிய மறுதாம்புச் சோளம் ஆட்டைக் கொல்லும் என்பது அந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் காட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே தான் நடந்து, குச்சியைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே ஓட்டினாள்.

"அக்கட்டால போ! ஏய், அக்கட்டால!"

பாதி தூரம் தாண்டியிருப்பாள். பின்னால் குவாரி டிப்பர் ஒன்று வந்தது. வந்தவன் வேகத்தையும் குறைக்கவில்லை. மந்தைக்குப் பின்னால் வந்து ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஆடு மிரண்டால் தடம் பார்க்குமா, வரப்புப் பார்க்குமா? மொத்தப் பட்டியும் அவள் குச்சியைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் குதித்தது.

"ஐயோ சாமீ! வாங்கப்பா யாராச்சும்!"

குதித்த ஆடுகள் பயத்தில் குதித்தவைதான். ஆனால் எத்தனையோ நாளாகக் காய்ந்த வயிறு. குனிந்த தலை நிமிரவில்லை. அத்தாயி அடித்தாள், கொம்பைப் பிடித்து இழுத்தாள், கட்டிக்கொண்டு உருண்டாள். ஒன்றைத் துரத்தினால் இரண்டு பின்னால் கடித்தன. சத்தம் கேட்டுச் சின்னுசாமி ஓடி வந்து, இருவருமாக விரட்டி ஓட்டித் தடத்துக்குக் கொண்டுவந்தபோது வெள்ளச்சி முதலில் தள்ளாடியது. நிறை சினையாடு. வாயில் நுரை தள்ள, கால்களை விறைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்தது.

"வெல்லம், வெல்லம் கொண்டாரச் சொல்லு!" என்று சின்னுசாமி தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். அவர் மனைவி விஷம் முறிய வெல்லம் கரைத்துக் குடத்தோடு ஓடி வந்தாள். வாயைப் பிளந்து ஊற்றினார்கள். சில ஆடுகள் பிழைத்தன. வெள்ளச்சியும் ஒரு கிடாயும் இரண்டு பெட்டைக் குட்டிகளும் போய்விட்டன. வெள்ளச்சியின் வயிற்றுக்குள் குட்டி கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தது. அத்தாயி அந்த வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அது நிற்கிறவரை எழுந்திருக்கவில்லை.

"என்ற காட்டுல இப்பிடி ஆயிருச்சேக்கா," என்று சின்னுசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"உன்ற காடு என்ன பண்ணும் தம்பி? வருசா வருசம் உன்ற சோளம் இங்கதான தழையுது. எந்த வருசம் என்ற ஆடு இதுக்குள்ள எறங்குச்சு? கரட்டுல வயிறு நெறைஞ்சு எறங்கற ஆடு இதைத் திரும்பிப் பாத்துருக்குமா?" அவள் எழுந்து, கரட்டுக் கதவு இருந்த திசையைப் பார்த்துத் தன் முந்தானையை உதறினாள். "நாசமாப் போவோணும் அந்தப் பூட்டுப் போட்ட கையி!"

சேதி கேட்டு மகன் அன்பரசு சாயங்காலமே வந்துவிட்டான். சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவன். லோடு இறக்கிய கையோடு பைக்கை எடுத்திருந்தான். ஆடுகளைப் புதைத்துவிட்டு வந்து, ஆளுக்கொரு உருண்டை களியும் கொள்ளுக் கடையலும் போட்டு வைத்தாள் அத்தாயி. மாதையன் வட்டிலைத் தொடவில்லை.

"சாப்புடுங்க," என்றாள் அவள். "சாமி சோறு போடும்னு காத்திருந்தீங்கன்னா காத்தே இருக்க வேண்டியதுதான்."

"அம்மா, வுடு," என்றான் அன்பரசு.

"எதுக்கு வுடோணும்? இத்தனை மாசமா வுட்டுட்டுத்தான இருந்தேன். நாலு உசுரு போயிருச்சு. வயித்துல இருந்ததையும் சேத்தா அஞ்சு. கை குடுத்தானாம் ஆபீசரு, கை! அந்தக் கையை என்ன பண்றதுங்க? கொழம்பு வெக்கறதா?"

அவள் கோபத்திலும் 'ங்க' விடமாட்டாள். அதுதான் மாதையனுக்கு அடியைவிட அதிகமாக வலித்தது. "நான் பொய்யா சொன்னேன் அத்தாயி? சாமிக்கு முன்னால கேட்டா என்ன சொல்லுவேனோ அதைத்தான அங்கயும் சொன்னேன்," என்றார்.

"சாமி கேக்குலீங்க. ரேஞ்சரு கேட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா?"

"அப்பா, இங்க கேளுங்க," என்று அன்பரசு வட்டிலை நகர்த்தினான். "ஊருல மனுக் குடுத்தமல்ல, அதுக்கு விசாரணை வெச்சுட்டாங்க. வார வியாழக்கெழமை கரட்டுக் கதவுக்கிட்டயே வாராங்களாம். வக்கீலைப் பாத்தேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாரு. போன தடவை பாத்தியம் இல்லேன்னு சொன்னவிங்களே இப்ப இருக்குன்னு சொல்லோணும். கரடு எங்களுது, தலைமொறை தலைமொறையா மேய்க்கறோம், இன்னிக்கு வரைக்கும் அனுபவத்துல வெச்சுருக்கறோம்னு சொல்லோணும். அப்பத்தான் மேய்ச்சலுக்கு வழி கெடைக்குமாம். இல்லீன்னா இந்தப் பூட்டு பூட்டுத்தானாம்."

"ஊருல வேற யாராச்சும் சொல்லட்டும்."

"யாரு சொல்லுவா? கேட்டுட்டு வந்தேன். பூசாரியே வாயைத் தொறக்காத போது நாங்க எப்பிடிப்பா சொல்றதுங்கறாங்க. முனியப்பன் கண்ணைக் குத்திப்போடுவாருன்னு பயம். நீங்க சொன்னாத்தான் ஊரு சொல்லும்."

"என்னால ஆகாது சாமி."

"என்னப்பா ஆகாது? ஒரு வார்த்தை!"

"அந்த ஒரு வார்த்தைதான்டா! எங்கப்பன் சாகறப்பக்கூட என்ற கையில மணியைக் குடுத்து, கரட்டை உன்றதுன்னு நெனைச்சுராதன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனாரு. எனக்குன்னு என்ன இருக்குது? மேடா, காடா? அந்த மணி ஒண்ணுதான். அதையும் தூக்கிப் பங்காளி ஊட்டுல வெச்சுட்டு நான் என்னன்னு நடமாடறது?"

அத்தாயி அடுப்பிலிருந்து திரும்பினாள். "நான் என்னன்னு நடமாடறதுங்க? காலையில எந்திரிச்சுப் பட்டியைத் தொறந்தா, எங்க ஓட்டறதுன்னு தெரியாம நிக்கறனே, அது உங்களுக்குத் தெரியுதுங்களா? எல்லாத்தையும் சந்தைக்கு ஓட்டிரலாம். அப்பறம்? இந்த வயசுல மில்லுல போயி நூலு முடியறதுங்களா? எனக்குத் தெரிஞ்ச பொழப்பு இது ஒண்ணுதான். உங்க சாமி எனக்கு எதையும் எழுதி வெக்குல. ஆட்டை மட்டும் மேய வுட்டாரு. இப்ப அதையும் புடுங்கிக் குடுத்துட்டீங்க."

மாதையன் எழுந்து பட்டிக்குப் போய், ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். வட்டிலில் களி காய்ந்தது.

வியாழக்கிழமை ஊர் முழுக்கக் கரட்டுக் கதவுக்கு முன்னால் கூடியது. வெயில் தாங்காமல் பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தாயி ஆடுகளையும் கூடவே ஓட்டி வந்திருந்தாள். பேச்சு முடிந்து கதவைத் திறந்தால் நேராகச் சுனைக்கு விடலாம் என்று நினைப்பு. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவை புளிய மர நிழலில் நெருக்கியடித்து நின்றன.

ஜீப் வந்தது. குருமூர்த்தி ஓடி வந்து கதவைத் திறந்தான். அதிகாரி முதலில் ஜீப்பிலேயே உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். உள்ளே ஜீப் போனால் தேவாங்குக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறது! திரும்பி வந்து புளிய மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். பக்கத்தில் எழுதுவதற்கு ஒருவர்.

"சொல்லுங்க. மலையை நீங்க பயன்படுத்துறதா மனுக் குடுத்திருக்கீங்க. யார் பேசுறீங்க?"

ஊர் மறுபடி மாதையனைப் பார்த்தது. அவர் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். அன்பரசு அவர் முழங்கையைத் தொட்டு, "சொல்லுங்கப்பா," என்றான். மாதையன் அதிகாரியைப் பார்த்தார், கரட்டு உச்சியைப் பார்த்தார்.

"அதுங்க... கரடுங்க..." இடுப்புத் துண்டை இன்னொரு தடவை இறுக்கினார். "அது வந்து சாமியோட..." நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரோ 'ச்சை' என்றார்கள்.

"அவரை வுடுங்க. நான் சொல்றேன், எழுதிக்கங்க," என்று அத்தாயி முன்னால் வந்தாள். "கரடு எங்களுதுங்க."

ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தாயி நிறுத்தவில்லை.

"நான் வாக்கப்பட்டு வந்த மறுநாளே இதுல ஆடு ஓட்டுனவ. எங்க மாமியா மேச்சாங்க, அவுங்க மாமியா மேச்சாங்க. ஒரு குச்சி ஒடிச்சதில்லீங்க. இதுல எந்தப் பாறையில பாம்பு கெடக்கும், எந்த மரத்துல காயி முந்தி உழும், எல்லாம் எங்களுக்குத் தெரியும். நாங்க பாத்துக்கிட்டதாலதான் இது கரடா இருக்குது. இல்லீன்னா அக்கட்டால இருக்கற மாதிரி குழியா இருந்துருக்கும்."

"சரி," என்றார் அதிகாரி. "இப்பவும் போறீங்களா? வேலி போட்ட பிறகும்?"

'ஆமா' என்று சொல்லச் சொல்லி அன்பரசு தலையை ஆட்டினான். வக்கீல் சொன்னது அதைத்தானே. இன்னிக்கு வரைக்கும் அனுபவம்.

"போனேனுங்க. கெழக்குப் பக்கம் கம்பியைத் தூக்கி ஆட்டை உள்ள வுட்டேன், சுனையில தண்ணி காட்டறதுக்கு. வேலி போட்ட புதுசுல ரெண்டு மூணு தடவை வுட்டுருக்கறேன். எங்க கரட்டுக்குள்ள நாங்க போறதுக்கு யாரைக் கேக்கோணும்?"

எழுதுகிறவர் எழுதி முடித்தார். அதிகாரி அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடத் தெரியுமா, ரேகையா?" என்று கேட்டார்.

"போடுவேன். போட்டா கதவைத் தொறந்துருவீங்களா?"

"கதவா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பாத்தியதை பத்தின விசாரணை போன வருசமே முடிஞ்சுபோச்சு. யாருக்கும் இல்லைன்னு உங்க ஊரே சொல்லிடுச்சு. அதை இனி மாத்த முடியாது. அறிவிச்ச தேதிக்கப்புறம் உள்ள போனதா இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அது குத்தம். உங்க மேல கேஸ் பதிவாகும். ஆட்டைப் பறிமுதல் பண்றதைப் பத்தி அப்புறம் முடிவு பண்ணுவாங்க."

அன்பரசு பாய்ந்தான். "என்ன சார் பேசறீங்க? விசாரணைன்னுதான கூப்புட்டீங்க! இதுக்கா கூப்புட்டீங்க?"

"தம்பி, சத்தம் போடாதீங்க. அரசு ஊழியரை வேலை செய்ய விடாம தடுத்தா அது தனி கேஸ்."

அத்தாயி மகனை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினாள். அவள் முகம் கரிச்சட்டி மாதிரி இருண்டிருந்தது. "இருடா. எனக்கு வெளங்கற மாதிரி நானே கேக்கறேன். ஏனுங்க, பாத்தியம் இல்லேன்னு சொன்னோம், கதவைச் சாத்துனீங்க. இருக்குதுன்னு சொன்னேன், கேசுங்கறீங்க. இல்லேன்னாலும் எங்க வாயாலயே எங்களைக் கொல்லுவீங்க, இருக்குதுன்னாலும் எங்க வாயாலயே கொல்லுவீங்க. நாங்க என்னதானுங்க பேசறது? ஊமையாப் பொறந்துருக்கோணுமா? அங்க மலையையே வெடி வெச்சுத் தூக்கறான், அவனுக்குச் சலாம் போடறீங்க. இங்க ஆடு தண்ணி குடிச்சது உங்களுக்குக் குத்தமாத் தெரியுது. உங்க ஊட்டுல சோறுதான் திங்கறீங்களா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதை குடுத்துத்தான் இந்தக் கதிக்கு வந்துருக்கறோம்!"

"அந்தப் பேரை அடிச்சுருங்க."

குரல் கீழேயிருந்து வந்தது. மாதையன் எழுந்துகொண்டிருந்தார். எழுந்ததும் துண்டை இடுப்பில் கட்டவில்லை, உதறித் தோளில் போட்டார்.

"அவ பொம்பளை, எனக்காவப் பேசுனா. அந்தப் பேரை அடிச்சுட்டு என்ற பேரை எழுதுங்க. மாதையன். கரட்டு முனியப்பன் கோயல் பூசாரி. கரடு என்றதுங்க."

"மாமா!" என்று சின்னுசாமி கத்தினார். "வாயைக் கழுவுங்க மாமா, மணி போயிரும்!"

"போவட்டும். நாளைக்குப் பங்காளி ஊட்டுல குடுத்தர்றேன்." மாதையன் நிறுத்தவில்லை. "கரடு என்றது. எங்கப்பனுது. எங்கப்பன் அதைச் சாமியுதுன்னு சொல்லிச் சொல்லிக் காப்பாத்துனாரு. சாமியுதுன்னா யாரும் தொடமாட்டாங்கன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. சாமிக்குப் பயப்படறவனுக்குத்தான அந்தப் பேச்சு? உங்களுக்கு எதுக்கு? நானும் மேச்சேன். கம்பியைத் தூக்குனது நானுந்தான். எழுதுங்க."

அவர் கம்பியைத் தொட்டதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். அத்தாயி அவரையே பார்த்தாள். அழுதுகொண்டு போய்க் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தவர்களும் உண்டு. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம் அதற்கு வழி விடவில்லை.

"இந்த வார்த்தையை அன்னிக்குச் சொல்லியிருக்கோணுமுங்க," என்றாள். "அன்னிக்குச் சொல்லியிருந்தா வெள்ளச்சி இன்னேரம் குட்டி போட்டுருக்கும்."

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா," என்றார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பேர் பேரையும் எழுதுப்பா. ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்க." எழுதுகிறவர் எழுதினார். அத்தாயி குனிந்து கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, அவசரப்படாமல் போட்டாள். மாதையன் பெருவிரலை மையில் தேய்த்து அழுத்தினார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்னால் வரவில்லை, யாரும் போகவும் இல்லை.

"எழுதியாச்சுங்களா?" என்று அத்தாயி கேட்டாள்.

"எழுதியாச்சு."

"ஆடு மேச்ச குத்தத்துக்குத்தானுங்களே?"

"ஆமாம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"செரிங்க."

புளிய மரத்தடிக்குப் போனாள். சாய்த்து வைத்திருந்த குச்சியை எடுத்தாள். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். ஆடுகள் காதைத் தூக்கின. ஜீப் வந்தபோது திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. குருமூர்த்தி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏம்மா, எங்க போறீங்க? நில்லுங்க!" என்று அதிகாரி எழுந்தார். "குருமூர்த்தி, கதவை மூடு!"

குருமூர்த்தி கதவை இழுக்கப் போனான். அதற்குள் முதல் ஆடு தலையை நுழைத்துவிட்டது. அதன் முதுகை இடித்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது. அவன் கதவை இழுத்துப் பிடித்தபடியே நின்றான், ஆட்டின் மேல் சாத்தவில்லை. மாதையன் பட்டியின் பின்னால் வந்து, பின்தங்கிய ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்தாயி கதவைத் தாண்டுகிற இடத்தில் நின்று, அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுதான் கேசு போட்டாச்சல்லங்க? மேச்சுட்டே வாரோம்," என்றாள்.